கார் இன்ஜினில் டிடிசி கண்டுபிடிப்பது: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊர்களில் 20, 30 வயதைத் தாண்டிய கார்கள் இன்றும் தினமும் ஓடுகின்றன. 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் அதன் வழியில் வந்த இஸ்வாராவும், வீரா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் நிஸான் வேனட் என்று செம்பனைக் காட்டு மண்சாலையில் இவற்றைப் பார்க்காத நாள் இல்லை. இவற்றில் டைமிங் பெல்ட் மாற்றினாலும், பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பூட்டினாலும், வால்வு இடைவெளி வைத்தாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒன்றாம் நம்பர் பிஸ்டன் எங்கே நிற்கிறது? அது ஏறி முடித்து, இன்னும் இறங்கத் தொடங்காத அந்த இடம்தான் டாப் டெட் சென்டர். பட்டறைப் பேச்சில் டிடிசி.

பிளக் ஓட்டையில் பானம் உறிஞ்சும் ஸ்ட்ரோ ஒன்றை விட்டு, அது மேலே வந்து நிற்பதைப் பார்த்தால் போதும் என்றுதான் பலரும் செய்கிறார்கள். சில வேலைகளுக்கு அது போதும், பல வேலைகளுக்குப் போதாது. காரணம் ஸ்ட்ரோவில் இல்லை, பிஸ்டன் நகரும் விதத்தில் இருக்கிறது.

உச்சியில் பிஸ்டன் தயங்கும்

ஊஞ்சல் உயரப் போய்த் திரும்புமுன் ஒரு கணம் நிற்பதுபோல, பிஸ்டனும் உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைந்து ஏறக்குறைய நின்றேவிடும். பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டான கிரேங்க் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பிஸ்டன் அசையாது. வீராவிலும் பிந்திய சாகாவிலும் உள்ள 1.5 லிட்டர் 4ஜி15 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 82 மி.மீ. கிரேங்க் உச்சியிலிருந்து 1 டிகிரி தள்ளினால் பிஸ்டன் இறங்குவது ஏறக்குறைய 0.008 மி.மீ. மட்டுமே. 5 டிகிரிக்கு 0.2 மி.மீ., 10 டிகிரிக்குச் சுமார் 0.8 மி.மீ. ஸ்ட்ரோவின் நுனி 0.2 மி.மீ. இறங்குவதைக் கண் பிடிக்காது. அதனால் "இதோ உச்சி" என்று நீங்கள் சொல்லும் இடம், உண்மையான இடத்துக்கு முன்னோ பின்னோ 5 டிகிரி, சில சமயம் அதற்கும் மேல் பிசகியிருக்கலாம்.

அதே இன்ஜினில் உச்சியிலிருந்து 30 டிகிரி தள்ளிப் போனால் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் பிஸ்டன் ஏறக்குறைய 0.45 மி.மீ. நகரும். சாதாரணக் கண்ணுக்கே தெரியும் அளவு அது. ஆகவே உச்சியை உச்சியில் தேடாதீர்கள். பிஸ்டன் ஏறும்போது ஓர் உயரத்தில் ஒரு குறி, இறங்கும்போது அதே உயரத்தில் இன்னொரு குறி, இரண்டுக்கும் சரிபாதியில் டிடிசி. இந்த வழிகாட்டியில் வரும் துல்லியமான முறைகள் எல்லாமே இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

கை வைக்குமுன்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பல கார்களில் ரேடியேட்டர் காற்றாடி மின்சாரத்தில் ஓடுவது, கை உள்ளே இருக்கும்போது அது சுற்றக்கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வீட்டு வாசல் சரிவாக இருந்தால் அங்கே செய்யாதீர்கள்.

தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கென்று தனியாக ஒரு வேலை உண்டு. பிளக் உட்காரும் குழியில் செம்மண் படிந்து, எண்ணெயோடு சேர்ந்து கட்டியாகியிருக்கும். பிளக்கை அப்படியே கழற்றினால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். முதலில் பிளக்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பிறகு முழுதாகக் கழற்றுங்கள். கம்ப்ரஸர் இல்லையென்றால் சைக்கிள் பம்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். ஐந்து நிமிட வேலைதான், தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சிலிண்டர் சுவரில் மண் போட்ட கீறலை எந்த எண்ணெயும் ஆற்றாது.

பிளக் வயர்களில் டேப் ஒட்டி நம்பர் எழுதிவிடுங்கள். இந்தக் கார்களில் ஒன்றாம் சிலிண்டர் என்பது டைமிங் பெல்ட் பக்கம், அதாவது புல்லி இருக்கும் பக்கம். ஒன்றாம் பிளக்கை மட்டும் கழற்றாமல் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். மற்ற சிலிண்டர்களில் காற்று அமுங்கி நின்றால் ஸ்பானர் குதிக்கும், நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காது.

இன்ஜினைச் சுற்றுவது

கிரேங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஆறு முனை சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் போட்டுச் சுற்றுவதே நல்ல வழி. பல கார்களில் முன் சக்கரத்தைத் திருப்பினால் உள்பக்கப் பிளாஸ்டிக் மறைப்பில் இதற்கென்றே ஓர் ஓட்டை தெரியும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் போல்ட்டைப் பிடித்து முழு இன்ஜினையும் சுற்றாதீர்கள். பெல்ட் இழுபடும், போல்ட்டும் முறியலாம். ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி நிறுத்தப் பார்ப்பதும் வேண்டாம். அது சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்ட்ரோவையும் அருகில் இருக்கும் விரலையும் பார்த்துச் சுற்றாது.

புல்லியை நேருக்கு நேர் பார்த்து நின்றால் பெரும்பாலான இன்ஜின்கள் கடிகார முள் திசையில் சுற்றும். பழைய ஹோண்டா டி, பி வரிசை இன்ஜின்கள் எதிர்த் திசையில் சுற்றும். புல்லியை எட்ட இடமில்லாத, முன் சக்கரங்களால் ஓடும் மேனுவல் காரில் முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, கடைசி கியரைப் போட்டு, தூக்கிய சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றலாம். ஒருவர் சக்கரத்தில், ஒருவர் பிளக் ஓட்டையில். ஆட்டோ காரில் இது நடக்காது.

டைமிங் பெல்ட் ஏற்கனவே அறுந்திருந்தால் இப்படித் தாராளமாகச் சுற்றவே கூடாது. திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் போய் முட்டும் இன்ஜின்கள் உண்டு. விரல் பலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தடை தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் டிடிசியிலிருந்து 90 டிகிரி தள்ளி நிறுத்தினால் நான்கு பிஸ்டனும் பாதி ஆழத்தில் இருக்கும், கேம் ஷாஃப்ட்டைத் திருப்ப அதுவே பத்திரமான நிலை. பெல்ட் நல்ல நிலையில் இருந்தால், அதைக் கழற்றுமுன்பே டிடிசியைக் கண்டுபிடித்து முடித்துவிடுங்கள்.

எந்த உச்சி?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு வேலைச் சுழற்சிக்குக் கிரேங்க் இரண்டு சுற்று, 720 டிகிரி சுற்றுகிறது. அதற்குள் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்று, இரு வால்வும் மூடி, காற்று அமுங்கி முடியும் கம்ப்ரஷன் உச்சி. மற்றது, புகை வெளியேறி முடியும் உச்சி. ஸ்ட்ரோவுக்கு இரண்டும் ஒன்றுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்றல்ல. அதைத் தவறான உச்சியில் வைத்துப் பூட்டினால் கார் கிளம்பாமல் கார்புரேட்டர் வழியாகத் துப்பும், சைலன்சரில் வெடிக்கும்.

கட்டைவிரலால் பார்ப்பதே இன்றும் நம்பகமான சோதனை. ஒன்றாம் பிளக் ஓட்டையின் மேல் விரலை அழுத்தி வையுங்கள். மற்றவர் ஸ்பானரை மெதுவாகச் சுற்றட்டும். புகை ஏற்றத்தில் விரலுக்கடியில் ஒன்றும் நடக்காது. கம்ப்ரஷன் ஏற்றத்தில் முதலில் விரல் லேசாகத் தூக்கப்படும், பிறகு அழுத்தம் கூடிக்கொண்டே வந்து, விரலின் ஓரத்தில் 'புஸ்' என்று காற்று பீறிடும், எண்ணெய் ஈரம் தோலில் படும். "தம்பி, நிப்பாட்டு!" என்று சொல்ல வேண்டிய நேரம் அது. பிஸ்டன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் எட்டவில்லை. இங்கிருந்துதான் ஸ்ட்ரோவோ கம்பியோ உள்ளே போக வேண்டும்.

பிளக் ஆழமான குழாய்க்குள் இருக்கும் இன்ஜின்களில் விரல் எட்டாது. அங்கே ஓட்டையில் இறுக்கமாக உட்காரும் ஒரு முழ ரப்பர் ஹோஸைச் செருகி, அதன் மறுமுனையில் விரலை வைத்தால் அதே அழுத்தம் தெரியும்.

வால்வு மூடியைக் கழற்றியிருந்தால் விரல்கூட வேண்டாம். கம்ப்ரஷன் உச்சியில் ஒன்றாம் சிலிண்டரின் ரோக்கர்கள், அதாவது வால்வுகளை அழுத்தும் கைகள், எல்லாம் தளர்ந்து, கையால் ஆட்டினால் லேசாக ஆடும். அதே நேரத்தில் நான்காம் சிலிண்டரில் புகை வால்வு மூடி முடிய, காற்று வால்வு திறக்கத் தொடங்கும். கிரேங்க்கை இப்படியும் அப்படியும் துளி அசைத்தால் அந்த இரண்டும் மாறி மாறிச் சீசாவைப்போல் ஏறி இறங்கும். ஒன்றும் நான்கும் சேர்ந்தே மேலே வருவதால் இந்தச் சோதனை பலிக்கிறது.

கஞ்சிலுக்கு இது பலிக்காது. மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கூடவே உச்சிக்கு வரும் ஜோடி எதுவும் கிடையாது, மற்ற இரண்டும் 120 டிகிரி தள்ளி நிற்கும். அதனால் விரலையும் ஒன்றாம் சிலிண்டரின் ரோக்கர் தளர்வையும் மட்டும் நம்புங்கள். நான்கு சிலிண்டர் வண்டிகளிலேயே பழகியவர்கள் கஞ்சிலில் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஸ்ட்ரோ முறை: வால்வு கேப் அளவுக்கு

கம்ப்ரஷன் உச்சியில் சில டிகிரி பிசகினாலும் ஒன்றாம் சிலிண்டரின் வால்வுகள் மூடியேதான் இருக்கும். எனவே வால்வு இடைவெளி வைப்பதற்கும், டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்ப்பதற்கும் ஸ்ட்ரோ போதும். கோப்பி கடையில் தரும் பேப்பர் ஸ்ட்ரோ எண்ணெயில் ஊறிக் கிழியும், பிளாஸ்டிக்தான் வேண்டும். நீளம் 20 செ.மீ.க்குக் குறையக்கூடாது, பிளக் குழி ஆழமாக இருந்தால் இன்னும் நீளம். விரல்களுக்கிடையில் தளர்வாகப் பிடியுங்கள், உள்ளே அழுத்தாதீர்கள். பிளக் சாய்வாக இருக்கும் இன்ஜினில் அழுத்திப் பிடித்த ஸ்ட்ரோ மடங்கிச் சிக்கும்.

சத்தே குச்சியும் செம்பனை ஈர்க்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். இரண்டையும் தொடாதீர்கள். மூங்கிலும் ஈர்க்கும் ஓட்டையின் விளிம்பில் அகப்பட்டால் பட்டென்று ஒடியும், ஒடிந்த துண்டைக் காந்தம் எடுக்காது. அப்படி விழுந்துவிட்டால் இன்ஜினை மேலும் சுற்றாமல், வேக்கம் கிளீனரின் வாயில் மெல்லிய குழாயை டேப்பால் ஒட்டி உறிஞ்சிப் பாருங்கள். துண்டு கையில் கிடைக்கும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது.

கம்பி முறை: பாதி கணக்கு

இதற்கு 30 செ.மீ. நீளமுள்ள அலுமினியப் பின்னல் ஊசி ஒன்று வேண்டும். மொட்டை முனை கீழே இருக்கட்டும். கூடவே டேப், திருத்தும் வெள்ளை மை, புல்லியின் ஓரத்தைச் சுட்டிக் காட்ட ஒரு கம்பி. சட்டை மாட்டும் ஹேங்கரை வெட்டி, ஒரு முனையை வளையமாக்கி, டைமிங் கவர் போல்ட் ஒன்றில் இறுக்குங்கள். மறுமுனை புல்லியை உரசாமல் 1 மி.மீ. தள்ளி நிற்கட்டும். இந்தக் கம்பி அசைந்தால் மொத்தக் கணக்கும் பாழ், ஆகவே நன்றாக இறுக்குங்கள்.

கம்ப்ரஷன் ஏற்றம் தொடங்கியதும் ஊசியை உள்ளே விட்டு, பிஸ்டனை உச்சிவரை கொண்டுபோங்கள். இங்கே துல்லியம் தேவையில்லை. ஊசி ஓட்டையின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் ஒரு கோடு, அதற்கு 7 மி.மீ. மேலே இன்னொரு கோடு போடுங்கள். பிஸ்டன் 7 மி.மீ. கீழே இருக்கும்போது அந்த மேல் கோடு விளிம்புக்கு வரும். 4ஜி15-இல் அது உச்சியிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி.

ஊசியை வெளியே எடுத்துவிட்டு, இன்ஜினை அதன் சுழலும் திசையிலேயே சுற்றி மீண்டும் கம்ப்ரஷன் ஏற்றத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊசியை மறுபடி உள்ளே விட்டு, மேல் கோடு விளிம்பைத் தொடும்போது நிறுத்தி, சுட்டுக் கம்பிக்கு நேராகப் புல்லியில் வெள்ளை மையால் கோடு போடுங்கள். தொடர்ந்து அதே திசையில் சுற்றுங்கள். ஊசி ஏறும், தயங்கும், இறங்கும். மேல் கோடு மறுபடி விளிம்பைத் தொட்டதும் இரண்டாவது கோடு. தாண்டிவிட்டால் பின்னால் இழுத்துச் சரிசெய்யாமல் இன்னொரு முறை சுற்றி வாருங்கள். ஊசி சாய்ந்திருப்பதால் கவலை இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அதே சாய்வுதான், பாதியாக்கும்போது அந்தப் பிழை கழிந்துபோகும்.

தையல் டேப்பைப் புல்லியின் ஓரமாக வளைத்து இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளங்கள். 150 மி.மீ. விட்டமுள்ள புல்லியின் சுற்றளவு 471 மி.மீ., அதாவது ஒரு டிகிரிக்கு 1.31 மி.மீ. இரு கோடுகளுக்கும் இடையே 78 மி.மீ. வந்தால் ஏறக்குறைய 60 டிகிரி. 39 மி.மீ.யில் மூன்றாவது கோடு போட்டு, அதைச் சுட்டுக் கம்பிக்கு நேராகக் கொண்டுவந்தால் டிடிசி. குறுகிய வளைவின் நடுவை எடுங்கள். எதிர்ப்பக்கத்து நீண்ட வளைவின் நடு, பிஸ்டன் அடியில் நிற்கும் இடம். ஒரு கோட்டில் அரை மி.மீ. உயரம் தவறியிருந்தாலும் முடிவில் பிசகுவது அரை டிகிரி அளவுதான். ஒரு பின்னல் ஊசியிடம் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்!

டயல் கேஜ் வைத்திருக்கும் பட்டறையில் ஊசிக்குப் பதில் அதைப் பொருத்தி, உச்சியில் பூஜ்ஜியம் வைத்து, இரு பக்கமும் 5.00 மி.மீ. கீழே குறி போடலாம். அது ஏறக்குறைய 25 டிகிரி. மற்றதெல்லாம் அதே கணக்குதான்.

ஸ்டாப்பர் முறை

கேம் ஷாஃப்ட்டை டிகிரி வைத்துப் பொருத்துபவர்கள் பயன்படுத்துவது இது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, இரும்பு ஓட்டுக்குள் 8 மி.மீ. மரை வெட்டி, நீளமான போல்ட்டைப் பூட்டி, நட்டால் இறுக்கினால் ஸ்டாப்பர் தயார். போல்ட் முனையை அரத்தால் உருண்டையாக்குங்கள். கூர்மையாக விட்டால் அலுமினியப் பிஸ்டனில் குழி விழும். போல்ட்டின் பக்கவாட்டில் ஒரு பள்ளமும் அராவுங்கள். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அமுங்கிய காற்றே தடையாக நின்று, பிஸ்டன் தொட்டுவிட்டது என்று நம்மை ஏமாற்றும்.

பிஸ்டனை 7, 8 மி.மீ. கீழே வைத்துக்கொண்டு ஸ்டாப்பரைப் பூட்டி, முனை லேசாகத் தொடும்வரை போல்ட்டை இறக்கி நட்டை இறுக்குங்கள். முன்னோக்கி மெதுவாகச் சுற்றித் தொட்ட இடத்தில் ஒரு கோடு. பிறகு எதிர்த் திசையில் ஏறக்குறைய முழுச் சுற்று சுற்றி மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் டிடிசி. கைப்பிடியை மணிக்கட்டு பலத்தோடு மட்டும் தள்ளுங்கள். எதிர்த் திசையில் போகும்போது இன்ஜின் புகை உச்சிப் பக்கம் வருவதால் வால்வு திறந்திருக்கும், போல்ட் தேவைக்கு மேல் நீண்டிருந்தால் வால்வில் முட்டும். எதிர்பாராத இடத்தில் தடை வந்தால் நிறுத்திப் போல்ட்டைக் குறையுங்கள்.

எதிர்த் திசையில் சுற்றுவதால் புல்லி போல்ட் தளரலாம், முடித்ததும் சரிபாருங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் செயின் இன்ஜினில், முதல் பெரோடுவா மைவியின் கே3 இன்ஜின் போன்றவற்றில், செயின் தளர்ந்து பல் தாண்டும் ஆபத்து உண்டு. அங்கே கம்பி முறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

புல்லியில் உள்ள குறியை நம்பலாமா?

கம்பெனி போட்ட குறி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றும். புதிய காரில் அந்தக் குறி போதும். பழைய காரில் அதைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். பல புல்லிகள் இரண்டு துண்டு: உள்ளே குடம், வெளியே வளையம், நடுவில் ரப்பர். எண்ணெயும் வெயிலும் பட்டு அந்த ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் வழுக்கி நகரும். குறி வெளிவளையத்தில் இருப்பதால் அதுவும் கூடவே நகர்ந்துவிடும். குறியை நம்பி, தீப்பொறி நேரம் பார்க்கும் டைமிங் லைட்டை அடிப்பவர் பொய்யான எண்ணுக்கு இன்ஜினைத் திருப்பிக்கொண்டிருப்பார். வண்டி இழுக்காது, சூடாகும், காரணம் பிடிபடாது.

நீங்கள் கண்டுபிடித்த டிடிசியில், கம்பெனிக் குறி கவரில் உள்ள 0 அல்லது T-க்கு நேராக 1, 2 டிகிரிக்குள் நின்றால் குறி சரி. அதற்கு மேல் விலகினால் அளவை மறுபடி எடுங்கள். அதே பதில் வந்தால் புல்லி வழுக்கியிருக்கிறது. இன்னும் வழுக்குகிறதா என்று பார்க்க, குடம், ரப்பர், வளையம் மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாக வெள்ளை மை பூசி, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு ரப்பரில் முறிந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் புல்லியை மாற்றத்தான் வேண்டும். புதுக் குறி வெட்டி ஒப்பேற்ற முடியாது, அது நாளை இன்னொரு இடத்துக்குப் போகும்.

டைமிங் பெல்ட் வேலைக்குப் புல்லிக் குறி எப்படியும் இறுதியானது இல்லை. புல்லியைக் கழற்றியதும் உள்ளே கிரேங்க் பல்சக்கரத்திலும், மேலே கேம் பல்சக்கரத்திலும் உள்ள குறிகளைப் பாருங்கள். அவற்றில் ரப்பர் கிடையாது, நகராது. கிரேங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் தாண்டுவது 18 டிகிரி.

டிஸ்ட்ரிபியூட்டர்

கம்ப்ரஷன் டிடிசியில் மூடியைத் திறந்தால் ரோட்டர் ஒன்றாம் வயரின் முனையைப் பார்க்க வேண்டும். சாகா, வீரா வரிசையில் தீப்பொறி 1-3-4-2 என்று போகும். ரோட்டர் நான்காம் முனையைப் பார்த்தால் நீங்கள் நிற்பது புகை உச்சியில், கிரேங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிரேங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆகவே அங்கே அரைச் சுற்று என்பது கிரேங்க்கில் முழுச் சுற்று. டைமிங் லைட்டால் கடைசியாக வைக்க வேண்டிய எண் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

பூட்டும்போது

ஊசி, ஸ்ட்ரோ, ஸ்டாப்பர், எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். பிளக் போடுமுன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்தில் கூடுகின்றனவா என்று பாருங்கள். எங்காவது கடினமான தடை வந்தால் பலம் கொடுக்காமல் பெல்ட்டைச் சரிபாருங்கள். பிளக்குகளை முதலில் விரலாலேயே மரை ஏற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. பிளக்குக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். வயர்களை நம்பர்படி மாட்டி, சுட்டுக் கம்பியைக் கழற்றி, பேட்டரி வயரைக் கடைசியில் பூட்டுங்கள்.